சாமிக்கும் மண்டையிடி

எய்யா,

கடுதாசியின் தலையில் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன். பார்த்த உடனே கசக்கிப் போட்டுவிடாதே. சுழி போடாமல் எழுது என்றால் என் கைக்கு முதல் எழுத்தே வராது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, அதற்குத் தெரிந்த வழியில்தான் போகும். நீ உன் கடிதத்தில் சுழியும் போடவில்லை, சுகமா என்றும் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வந்துவிட்டாய். அது எனக்குப் பிடித்திருந்தது. நானும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணத்துக்கு வருவேன். நீ கேட்டதை மட்டும் சொல்ல மாட்டேன்.

நீ கேட்டதை உன் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். தென்காசியில் கொட்டகை போட்டுக் கல்யாணம். ஐயர் கிடையாது, ஓமம் கிடையாது, மேளம் கிடையாது, மணி அடிப்பது கிடையாது. மாலை மாற்றிக்கொள்வீர்கள், உன் கூட்டாளிகள் பேசுவார்கள். இதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஐயர் சொல்லுகிற மந்திரம் எனக்கு என் கல்யாணத்திலும் விளங்கவில்லை. புகையில் கண் எரிந்ததுதான் ஞாபகம் இருக்கிறது. நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் நல்ல பெண். நெற்றியில் பொட்டு இல்லாமல் வந்தாலும், நான் கொடுத்த காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு எழுதியிருக்கிறாயே, நான் மேடையில் ஏறி நாலு பேர் முன்னால், 'என் மகள் சாமி நம்பிக்கையால் செத்தாள், பயத்திலும் அறியாமையிலும் நான் அவளைப் பறிகொடுத்தேன்' என்று சொல்ல வேண்டும், பெற்றவளே சொன்னால் ஊர் திருந்தும் என்று. அந்த வரியை வாசித்ததும் உன் அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

போன மாதம் சந்தைப் பக்கம் நீ பேசின கூட்டத்தைப் பற்றியும் எனக்குத் தெரியும். பால் கொண்டு வருகிறவள்தான் சொன்னாள். "எம்மா, ஒங்க மவன் அங்கன நல்லாத்தான் பேசுதான். ஆனா செத்த பிள்ளைய ஏன் மேடையில கொண்டு வாரான்?" என்று கேட்டாள். அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்து கொடுக்காமல் குற்றாலத்துச் சாமி தைலத்தைத் தேய்த்தே கொன்றுவிட்டார்கள் என்று நீ சொன்னாயாம். கை தட்டினார்களாம். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் நீ எதிரே இருந்திருந்தால் மேடை என்றும் பார்த்திருக்க மாட்டேன், வளர்ந்த பிள்ளை என்றும் பார்த்திருக்க மாட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன், கேள். அப்போது நீ சின்னப் பிள்ளை. முதுகில் தொங்கிக்கொண்டு திரிகிற வயசு. உன் அக்கா உன்னைவிட மூன்று வயசு மூத்தவள். ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் பையைப் போட்டுவிட்டு, "எம்மா, மண்டையிடிக்கி" என்று என் மடியில் படுத்தாள். ராத்திரிக்குள் காய்ச்சல் அனலாகிவிட்டது. விடிந்ததும் விடியாததுமாக உன் அப்பா வண்டியைப் பூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி டாக்டரைக் கையோடு கூட்டி வந்தார். அவர் பார்த்துவிட்டு மூளைக் காய்ச்சல் என்றார். மருந்து கலக்கிக் கொடுத்தார். ஈரத்துணி போடச் சொன்னார். எல்லாம் செய்தோம். குற்றாலநாதர் தைலமும் தேய்த்தேன். தேய்க்கலாமா என்று டாக்டரிடமே கேட்டேன். அவர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "தேயுங்கம்மா, குளிர்ச்சிதான்" என்றார். தைலமும் காப்பாற்றவில்லை, மருந்தும் காப்பாற்றவில்லை. அவள் போய்விட்டாள். உன் மூக்குக்குத் தைல வாசனை மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. மருந்துக்கு வாசனை இல்லை, அதனால் நீ அதை மறந்துவிட்டாய். மேடையில் ஏறுகிறவன் இறங்கி வந்து பெற்றவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசக் கூடாதா? ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாதே என்று ஊருக்குச் சொல்லுகிறவன் நீ.

கோபத்தில் எழுத்து கோணிப் போகிறது. உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, கல்யாண மாப்பிள்ளைக்கு எழுதுத கடுதாசியா இது? இம்புட்டுக் காரம் ஆகாது" என்கிறார். ஆகும்.

அவள் போன பிறகு நான் என்னவானேன் என்பது உனக்குத் தெரியாது. சாமி பயத்தில் கிடந்தேன் என்று நினைக்கிறாய். வீட்டில் திருநீறு வைக்கிற மரவையைத் தூக்கிப் பரணில் போட்டேன். விளக்கு ஏற்றவில்லை. செவ்வாய், வெள்ளி என்று ஒன்றும் கிடையாது. சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒரு குறிகாரன் வந்தான். நான் ஏதோ நேர்ச்சையை மறந்துவிட்டேனாம், அந்தக் குற்றத்துக்குத்தான் சாமி பிள்ளையை எடுத்துக்கொண்டதாம், பரிகாரம் செய்யாவிட்டால் அடுத்தது ஆண்பிள்ளை என்று உன்னைப் பார்த்துக் கையை நீட்டினான். நான் விளக்குமாற்றை எடுத்தேன். தெருமுனை வரைக்கும் துரத்திக்கொண்டு போனேன். அவன் விட்டுப் போன செருப்பு கொஞ்ச காலம் நம் வாசலில் கிடந்தது. பயத்தால் சாமி கும்பிடுகிறவள் அப்படிச் செய்வாளா? உன் அத்தை நடுங்கிப் போய், "மதினி, கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேளுங்க, பிள்ளைக்கு ஆகாது" என்று என் காலைப் பிடிக்காத குறை. நீ சொல்லுகிற பக்தி அவளிடம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். பாவம், காலம் பூராவும் அவள் சாமியைக் கடன்காரனைப் பார்க்கிற மாதிரியே பார்த்து ஒளிந்தாள். பயந்து கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊர் பார்க்கக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பத்து மரக்கால் நெல்லுக்குப் பொய்ச் சாட்சி சொல்லிவிட்டுப் பட்டை பட்டையாக நீறு பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நீ மேடையில் கிழி. நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.

கோவில் வாசலில் சாதி சொல்லி ஆளைத் தடுத்து நிறுத்தினார்களே, அதை நீ பேசினதும் நியாயம்தான். ஆனால் எல்லாச் சாதிக்கும் கதவு திறந்த பிறகு நம் வயலில் நடவு நடுகிற பேச்சியோடு சேர்ந்து உள்ளே போனவள் யார்? நான்தான். உன் அத்தை அன்றைக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பேச்சி சன்னிதியில் நின்று தைல வாசனையை மோந்துவிட்டு என் காதில், "எம்மா, சாமிக்கு மேலுக்கு முடியலையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் 'ச்சோ' என்றாள். அடுத்த வீட்டு ஆளைச் சொன்னால் சொல்லுகிற அதே 'ச்சோ'.

உனக்கு இது மறந்திருக்காது, ஆனாலும் சொல்கிறேன். குற்றாலத்துச் சாமிக்குத் தலைவலி. பெருமாளாக நின்றவரை லிங்கமாக்க அகத்தியர் அவர் தலையில் கை வைத்து அழுத்தினதில் வந்த வலி இன்னும் தீரவில்லை என்று கதை. அதனால் மலையிலிருந்து மூலிகை கொண்டு வந்து தைலம் காய்ச்சி நாள் தவறாமல் அவர் தலைக்குத் தேய்க்கிறார்கள். மிச்சத்தை நமக்குக் கொடுக்கிறார்கள். மற்ற ஊர்ச் சாமிகள் மலையைத் தூக்கும், அசுரனைக் கொல்லும். நம் சாமி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உன் கூட்டாளிகள் இதைச் சொல்லித்தான் அதிகமாகச் சிரிக்கிறார்களாம். தன் தலைவலியைத் தீர்த்துக்கொள்ளத் தெரியாத கடவுளா உன் தலைவலியைத் தீர்க்கும் என்று கேட்கிறார்களாம். எய்யா, அந்தக் கேள்வியை அவர்களுக்கு முன்னாலேயே நான் கேட்டுவிட்டேன். அதுவும் சாமி முன்னால் நின்று, சத்தமாக.

அக்கா போன மறு வருஷம், ஆனி கடைசியில் சாரல் விழுந்தது. உன் அத்தை வீட்டார் அருவிக்கு வந்திருந்தார்கள். நான் வரவில்லை என்றேன். உன் அப்பா விடவில்லை. எல்லாரும் குளித்தார்கள். நான் குளிக்கவில்லை, கரையில் உட்கார்ந்து உன் துணியைக் காத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஈரத்தோடு கோவிலுக்குள் போனார்கள். நானும் போனேன். கும்பிடப் போகவில்லை. கேட்கப் போனேன். பட்டர் சாமி தலையில் தைலம் வைத்துக்கொண்டிருந்தார். அதே வாசனை. உன் அக்கா தலையில் நான் தேய்த்த அதே தைலம். வாயைத் திறந்தால் கத்தலாகத்தான் வந்தது. "ஒன் மண்டையிடியவே ஒன்னால தீத்துக்கிட முடியல, எம் பிள்ளை மண்டையிடிய நீ எங்கய்யா தீக்கப் போற? ஒனக்கு எதுக்கு எண்ணெ? எதுக்கு வெளக்கு?" என்று கேட்டேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அத்தை என் கையைக் கிள்ளினாள். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் ஒருவரையும் சட்டை செய்யவில்லை.

அந்த நேரம்தான் தீபாராதனைக்குக் கோவில் காவலாள் மணிக் கயிற்றை இழுத்தான். மணி கேட்கவில்லை. 'தொப்' என்றது. மறுபடி இழுத்தான், மறுபடி 'தொப்'. அண்ணாந்து பார்த்தால் மணியின் நாக்கைச் சுற்றி ஒரு ஈரத்துண்டு கட்டியிருக்கிறது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வேறு வடிகிறது. "எந்தப் பயலே இதக் கெட்டுனது?" என்று அவன் போட்ட சத்தத்தில் எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டது. மணிக்குப் பக்கத்துத் தூணில் இருந்த கல் யாளி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாய் நீ. இடுப்பில் துண்டு இல்லை. அவன் உன் காதைப் பிடித்து இறக்கினான். நீ அழவில்லை. அவனைப் பார்த்து வாயில் விரலை வைத்து, மெதுவாகச் சொன்னாய்.

"சத்தம் போடாத அண்ணாச்சி. சாமிக்கு மண்டையிடில்லா? அக்காவுக்கு மண்டையிடிக்கும்போ அம்மா செம்பக்கூட உருட்டக் கூடாதுன்னு சொன்னா. நீ என்னன்னா மணி அடிக்க. சாமிக்கு மட்டும் வலிக்காதா?"

அவன் பிடித்த காதை விட்டுவிட்டான். பட்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். பெரியவர், கோபக்காரர் என்று பெயர் எடுத்தவர். துண்டை அவிழ்க்கச் சொல்லுவார் என்று நினைத்தேன். "இன்னைக்கு அப்படியே இருக்கட்டும்" என்றார். அன்றைக்கு மணி இல்லாமல்தான் தீபம் காட்டினார்கள். வெளியே அருவி விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் சாமியைப் பார்த்தேன். வரம் கொடுக்கிறவராகத் தெரியவில்லை, பிள்ளையைப் பறித்தவராகவும் தெரியவில்லை. தலையில் எண்ணெய் வடிய, வலியோடு, ஒன்றும் செய்ய முடியாமல் இருக்கிற ஒருத்தராகத் தெரிந்தார். என்னை மாதிரி. அவள் செத்த அன்றைக்கு வராத அழுகை எனக்கு அங்கேதான் வந்தது. நீ ஓடி வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அழாதம்மா, சத்தம் போடாத" என்றாய். அதற்குத்தான் இன்னும் அழுதேன்.

வீட்டுக்கு வந்து மரவையைப் பரணிலிருந்து இறக்கினேன். இப்போது தெரிகிறதா? என்னை மறுபடி கோவிலுக்கு அனுப்பியது பயம் இல்லை, பட்டர் இல்லை, புராணம் இல்லை. நீதான். நீ கட்டின துண்டுதான். இத்தனை வருஷம் இதை உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் வெட்கப்படுவாய் என்று விட்டுவிட்டேன். இப்போது சொல்லாவிட்டால் நீ என் மகளின் சாவைப் பொய்யாக்கிவிடுவாய், அதோடு உன்னையும் பொய்யாக்கிவிடுவாய்.

யுத்த காலத்தில் ஊரே அரிசிக்கு அலைகிறது, அம்மா வடகரையில் இருக்கிற நம் தோப்புத் தேங்காயைக் கல்லுக்குத் தைலம் காய்ச்ச அனுப்புகிறாளே என்று எழுதியிருக்கிறாய். அரிசி கேட்டு வந்தவர்களை நான் வெறுங்கையோடு அனுப்பவில்லை, ஊரில் விசாரித்துக்கொள். ஆனால் தேங்காயையும் அனுப்புவேன். கல்லுக்கு வலிக்காது என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? எனக்கும் தெரியும். உன் அக்காவைக் கடைசியாகக் குளிப்பாட்டினபோது, தண்ணீர் சுடுகிறதா என்று கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினேன். அவளுக்குச் சுடாது என்று அப்போதும் எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்த ஒருத்தியும் ஏன் பார்க்கிறாய் என்று கேட்கவில்லை. அது மூடநம்பிக்கையா? சொல்லுலே. உன் கூட்டத்தில் பெரிய பெரிய படிப்பாளிகள் இருக்கிறார்களே, அவர்களைக் கேட்டுச் சொல்லு. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிள்ளை தலையில் எண்ணெய் வைத்துப் பழகின கை, அந்தப் பிள்ளை போன பிறகு எங்கே போகும்? வெட்டிப் போட முடியுமா? ஒரு தலை வேண்டியிருந்தது. வலிக்கிற தலை ஒன்று குற்றாலத்தில் இருந்தது. என் நம்பிக்கை இவ்வளவுதான். இது நியாயமா இல்லையா என்று கூட்டம் கூட்டித் தீர்ப்புச் சொல்ல உனக்கு நான் அதிகாரம் கொடுக்கவில்லை.

சாமி இருக்கிறாரா என்று நீ கேட்டால், தெரியாது என்றுதான் சொல்லுவேன். அடித்துச் சொல்லுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, நீ உட்பட. என் பிள்ளையைத் திருப்பித் தா என்று நான் அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. உனக்கு உத்தியோகம் வேண்டும் என்று கேட்டதில்லை. மேலுக்கு எப்படி இருக்கிறது என்று அவரைத்தான் விசாரித்துவிட்டு வருவேன். நீ நம்ப வேண்டாம். நம்பாமல் இருக்கிறது உன் புத்தியின் நேர்மை என்றால் அதை விடாதே; எனக்காகப் பொய்யாகக் கையெடுத்துக் கும்பிட்டால் எனக்கு அருவருப்பாக இருக்கும். ஆனால் நம்புகிறவளைப் பார்த்து, இவள் பயந்தாங்கொள்ளி, இவள் ஒன்றும் அறியாதவள் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அவள் கை எதைத் தேடுகிறது என்று ஒரு நிமிஷம் பார். அதைப் பார்க்கத் தெரிந்த கண் உனக்கு இருந்தது. ஊரில் அத்தனை பேரும் அந்த மணியை ஆண்டாண்டு காலமாக அடித்தார்கள். தலைவலிக்காரன் காதுக்குப் பக்கத்தில் அடிக்கிறோமே என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. நம்பினவர்களில் ஒருத்தருக்கும் தோன்றாதது உனக்குத் தோன்றியது. உன் பேச்சைக் கேட்டுக் கை தட்டினவர்களிடம் போய் இதைச் சொல்லு, தட்டுகிறார்களா பார்ப்போம்.

உன் அப்பா, "போதும்ட்டி, தபால்காரன் போயிருவான்" என்று வாசலில் நிற்கிறார். முடித்துவிடுகிறேன். கல்யாணத்துக்கு வருவேன். நெற்றி நிறையத் திருநீறு பூசித்தான் வருவேன். முன்வரிசையில் உட்காருவேன். நீயும் மருமகளும் மாலை மாற்றும்போது சத்தம் போடாமல் இருப்பேன். மேடைக்குக் கூப்பிடாதே. கூப்பிட்டால் வருவேன், ஆனால் நீ எழுதிக் கொடுத்ததைச் சொல்ல மாட்டேன். ஈரத்துண்டுக் கதையைத்தான் சொல்லுவேன். பிறகு உன் கூட்டாளிகள் முகத்தில் எப்படி முழிப்பாய் என்று யோசித்துக்கொள்.

மணி இல்லாமல் நடக்கிறதே என்று எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். இருக்காது. மணி இல்லாத பூசை ஒன்றை நீ எனக்கு முன்னமே நடத்திக் காட்டியிருக்கிறாய், எய்யா. அதிலிருந்து இன்னும் எழுந்து வரவில்லை நான்.

உன் அம்மா